நாற்பத்தேழுக்கு ஒரு பெயர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி சுருளிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அத்தானுக்குத்தான் முழங்கால் வலி. ஓடுகிற பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்த காலல்லவா. உன் முதுகு எப்படி இருக்கிறது? புரூஃப் பார்க்கும்போது மேஜைமேல் கவிழாதே என்று எத்தனை தடவை சொல்வது?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிக் கடிதம்தான் என்று நாம் முடிவெடுத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒரு சண்டைகூட வரவில்லை, கவனித்தாயா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் புது ஆம்ப்ளிஃபையர் தயாராகிவிட்டது. கண்ணாடி வால்வு வைத்தது, முழுக்கக் கைவேலை. மாதத்துக்குப் பன்னிரண்டுதான் செய்ய முடியும். விலையைச் சொன்னால் உன் அத்தான் விசிலை விழுங்கிவிடுவார். அதற்கு இன்னும் பெயர் இல்லை. நாற்பத்தேழு என்று நம்பர் மட்டும் இருக்கிறது. பெயர் வைக்கப் பொதுமக்களுக்குப் போட்டி வைத்திருக்கிறார்கள். ஜெயிக்கிறவருக்கு முதல் பெட்டியே பரிசு.

எந்தப் பெட்டி வெளியே போனாலும் கடைசியாகக் கேட்டுப் பார்த்து அனுப்புவது நான்தானே. போன வாரம் முதல் நாற்பத்தேழு என் அறைக்கு வந்தது. தடித்த திரை, ஒரு நாற்காலி, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். பதினேழு வருடமாக அதே மூன்று ரெக்கார்டு. அதில் ஒரு பெண் பாட ஆரம்பிக்குமுன் மூச்சை இழுப்பாள். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்கு அந்த மூச்சு வந்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன்டா, யாரோ தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்று. பெயரும் அந்த நொடியே வந்துவிட்டது.

'கிட்ட'.

அவ்வளவுதான் பெயர். ஆனால் ஊழியர்களோ அவர்களுடைய சொந்தக்காரர்களோ கலந்துகொள்ளக் கூடாதாம். அதனால் உன் வீட்டுக்காரி பெயரில், அவள் அப்பா வீட்டு இனிஷியலோடு, அவள் வேலை பார்க்கிற பல் கிளினிக் முகவரி போட்டு அனுப்பிவிடு. யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பெயர் அதன் நெற்றியில் இருந்தால் போதும். படிவம் இத்துடன் இருக்கிறது.

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகைப் பற்றி விசாரித்தாய். முதுகு இருக்கிறது, அதை நினைத்துப் பார்க்கத்தான் நேரமில்லை. பள்ளிப் பாடநூல் வேலை வந்துவிட்டது. ஒரே பக்கத்தில் பதினோரு பிழை. எழுதிய வாத்தியாரைக் கூப்பிட்டுக் காதைத் திருகலாம் போலிருக்கிறது. அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'கிட்ட' என்பது தெருவில் பேசுகிற சொல்லாயிற்றே அக்கா. அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவன் வீட்டுக்கு வந்தவர்களிடம், "இதுதான் எங்க கிட்ட" என்று காட்டுவானா? சிரிக்கமாட்டார்களா? நான் சும்மா சொன்னேன். பெயர் உன்னுடையது.

படிவத்தில் இரண்டு பெயர் எழுதக் கோடு போட்டிருக்கிறார்கள். ஒன்று சும்மாதானே கிடக்கிறது. அதில் நான் ஒன்று எழுதலாமா? இருபது வருடமாக அடுத்தவன் எழுதியதையே திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு ஆசைதான்.

இவளிடம் சொன்னேன். "என் பேரு அச்சுல வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். அதிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

உன் தம்பி,
சுருளி
(தலையில் ஒரு முடி இல்லை. நீ வைத்த பெயர் மட்டும் உதிரமாட்டேன் என்கிறது.)


மார்ச் 2

அன்புள்ள சுருளிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். உன் அத்தான் பாதியில் தூங்கிவிட்டார்.

தாராளமாக எழுதிக்கொள். ஆனால் முதல் கோட்டில் என்னுடையது, இரண்டாவதில் உன்னுடையது. என் பெயரை ஒரு எழுத்துக்கூடத் திருத்தாதே. 'அருகில்', 'அண்மை' என்றெல்லாம் உன் பேனா தானாக அலையும், எனக்குத் தெரியும்.

நீ எழுதுவதுதான் ஜெயித்துவிடும் என்று லேசாகப் பயமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி என்று கோப்பை எல்லாம் உனக்குத்தானே வந்தது. அலமாரியில் அம்மா அவற்றைத் துடைத்து அடுக்குவாள். துணியை நனைத்துக் கொடுப்பது நான். அதற்காகச் சொல்லவில்லை.

அனுப்பியதும் ஒரு வரி எழுது. கடைசித் தேதி மார்ச் 20.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்கு முன்பல் விழுந்தது. அம்மா பல் கிளினிக்கில் இருந்தும் பல் விழுகிறதே என்று ஒரே அழுகை. எங்கள் அச்சகத்தில் புது மிஷின் வந்திருக்கிறது. அது ஓடினால் சுவரே நடுங்குகிறது, நேர்கோடு போட முடியவில்லை. மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை மாற்றினார். இரண்டு நாள் குளிக்காமல் வேலைக்குப் போனோம். பக்கத்து மேஜைக்காரர் மட்டும் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

படிவம் போய்விட்டது.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

சுருளி


மே 6

தம்பிக்கு,

நலம்தான். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

நேற்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னார்கள். அறுநூற்றுப் பத்துப் படிவம் வந்ததாம். விற்பனை அதிகாரி காகிதத்தைப் பிரித்து உன் வீட்டுக்காரி பெயரைப் படித்தார். தட்டைக் கீழே வைத்தேன். எழுந்து நிற்கப் பார்த்தேன், என்னவோ என் பெயரையே கூப்பிட்டதுபோல. அப்புறம் ஜெயித்த சொல்லைப் படித்தார்.

'செவ்வி.'

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். செவ்வி என்றால் பக்குவமான நேரம், எதுவும் கனிந்து நிற்கிற பதம் என்று விளக்கம் வேறு படித்தார்கள். உன் கையெழுத்தில் அந்த விளக்கம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கண்ணில் தெரிந்தது. என் பக்கத்தில் இருந்த, செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பெண், "எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க பாருங்கக்கா. நமக்கெல்லாம் இது வருமா?" என்றாள்.

வராது என்றேன்.

என்னுடையதை அவர்கள் பார்த்தார்களா? பார்த்துவிட்டு ஒதுக்கினார்களா? உனக்கு ஏதாவது தகவல் வந்ததா?

அக்கா


மே 17

தம்பிக்கு,

பத்து நாளாகிறது. தபால்காரர் எதிர்வீட்டுக்குத் தினமும் ஏதாவது கொடுக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வீடு வீடாகவே இல்லை. பெட்டி வந்து இறங்கிவிட்டது! ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் கூடவே கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆட்கள் தூக்கிவந்து மாட்டிக் கொடுத்தார்கள். தெருவே வந்து பார்த்தது. அந்த வால்வுகள் சூடேறிச் சிவந்து வருவதைக் குட்டி கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இவள் போட்டோ பத்திரிகையில் வந்தது. கிளினிக் டாக்டர் அதைக் கத்தரித்து வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார். பல்வலியோடு வருகிறவர்கள்கூடத் தாடையைப் பிடித்துக்கொண்டு, "செவ்வி நீங்கதானா?" என்கிறார்களாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பேரு வச்சது உங்க மனைவியா, நீங்களா? உண்மையைச் சொல்லுங்க" என்றார். சிரித்தேன். விளம்பர வாசகம் எழுதுகிற வேலை ஏதாவது வந்தால் தருகிறேன் என்றிருக்கிறார்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பது நடுவர்கள் கையில் இருந்தது அக்கா. நாம் என்ன செய்ய முடியும்? ஒருநாள் நீயும் அத்தானும் வந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

சுருளி


ஜூன் 10

தம்பிக்கு,

வாழ்த்துகள். போன கடிதத்தில் சொல்ல மறந்துவிட்டேன்.

வந்து கேட்கச் சொல்லியிருக்கிறாய். வாரத்துக்கு மூன்று பெட்டி கேட்கிறேன். உன் வீட்டில் இருப்பதும் என் காதைத் தாண்டி வந்ததுதான். இடது பக்கம் லேசாக உறுமியது. வால்வை மாற்றி மாற்றிப் பார்த்து மூன்றாவது ஜோடியில்தான் அடங்கியது.

பெயர்ப்பலகை ஒட்டுகிற வேலையையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள், கை நடுங்காதவள் என்று. பித்தளையில் 'செவ்வி' என்று வெட்டி வருகிறது. பசை தடவி, ஸ்கேல் வைத்து, முப்பது எண்ணும்வரை கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரலை எடுத்தால் தோலில் எழுத்துப் பதிந்திருக்கிறது, இடம் வலமாக.

பேக்கிங் அண்ணன் நேற்று கேட்டார்: "செவின்னு எழுத வந்து கை தவறி நடுவுல ஒரு எழுத்து சேர்ந்துடுச்சாம்மா? அச்சுப் பிழையா?" வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்கள் பார்வையிட வந்தார்கள். எல்லோரும் முதலில் பெயரைத்தான் பாராட்டுகிறார்கள். காதில் கேட்பதற்கு முன்பே. என் அறையில் நின்று, என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

வேலை இருக்கிறது.

அக்கா


ஜூன் 24

தம்பிக்கு,

இதை நீ மற்றவர் வாயால் கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

இன்று காலை மேலாளர் அறைக்குப் போனேன். "ஜெயிச்சவங்க என் தம்பி பொண்டாட்டி சார்" என்றேன். அவர் முதலில் சிரித்தார். "நல்ல விஷயம்தானேம்மா" என்றார். பிறகு விதி நினைவுக்கு வந்து பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டார். மனசு உறுத்தியது என்றேன்.

பொய். மனசு உறுத்தவில்லை. எரிந்தது. ஏழு வாரமாக எரிகிறது. நீ ஒழுங்காக ஜெயித்தாய். இரண்டாவது கோட்டை நான்தான் உனக்குக் கொடுத்தேன். என்னுடையதையும் உன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உன்னுடையதை எடுத்தார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெட்டி எப்படிக் கேட்கும் என்றுகூடத் தெரியாமல் நீ பெயர் வைத்தாய். நான் திரும்பிப் பார்த்தவள்.

பெட்டியை எடுத்துப் போக ஆள் வருவார்கள். உன் வீட்டுக்காரி முகத்தை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் போன கடிதம் வந்து எட்டு நாளாகிறது. அச்சுப் பிழைக் கதையைப் படித்துவிட்டு இவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது எண்ணும்வரை அழுத்துகிறாய் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் இருந்து சீக்கிரம் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பெயரை நான் அனுப்பவில்லை.

நடுவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. முதல் கோட்டில் என்னுடையதை எழுதினேன். இரண்டாவது கோட்டைக் காலியாக விட்டு ஒட்டிவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். இடம் போதவில்லை என்று சொல்லலாம். அது எதுவும் இல்லை. 'செவ்வி'யைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாறு நாள் ஆயிற்று. மூன்று அகராதி புரட்டினேன். நீ ஒரு நொடி திரும்பிப் பார்த்தாய், வந்துவிட்டது. கிட்ட என்றால் பக்கத்தில். கிட்டினால் கிடைத்தது என்றும் அர்த்தம். ஒரே சொல்லில் இரண்டும் இருக்கிறது. இதை நீ யோசித்திருக்கவே மாட்டாய். யோசிக்காமலே உனக்கு வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எப்போதும் இப்படித்தான். நம் தலைமையாசிரியருக்கு நீ 'அரைப்புள்ளி' என்று பெயர் வைத்தாய், அவர் ஓய்வுபெறும்வரை கூடவே போனது. நான் ஆறு மாதம் யோசித்து என் மகளுக்கு வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. நீ வந்து ஒரு தடவை குட்டி என்றாய், அதுவே நின்றுவிட்டது. உனக்குக் காது இருக்கிறது, கை இருக்கிறது. சொல் ஒன்றுதான் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் நீ ஒரு கடிதத்தில் மடித்து எனக்கே அனுப்பினாய், தபாலில் போடச் சொல்லி.

இரண்டையும் எழுதினால் உன்னுடையதுதான் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் எழுதவில்லை.

இவளுக்கு இது எதுவும் தெரியாது. நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

சுருளி


ஜூலை 15

அக்காவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. ஒரே தேதி. நான் ஒரு வாரம் முன்னதாக எழுதியிருந்தால் நீ மேலாளரிடம் போயிருப்பாயா என்று கேட்கமாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போனார்கள். கூட வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "போட்டியைப் பத்தி உங்க அக்கா முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா? பேரு கீரு?" என்று கேட்டார். இல்லை, பத்திரிகையில் பார்த்துத்தான் அனுப்பினோம் என்றேன். நீ பயப்படத் தேவையில்லை.

இவள் பெட்டி போகிறபோது அழவில்லை. மறுநாள் கிளினிக்குக்குப் போய்த் தானே அந்தப் போட்டோவைச் சுவரில் இருந்து பிய்த்துவிட்டு வந்தாள். பசை விடாமல் சுவரில் பாதிக் காகிதம் ஒட்டிக்கொண்டதாம். வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்கிறார்களாம். இவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாவது கோடு உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் பேரு எதுக்குங்க?" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. குட்டி வழியாகத்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

சுருளி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால் அது பாதி உண்மை. உன் அத்தான் நலம். நான் பேக்கிங்குக்கு வந்துவிட்டேன். உன் கடிதம் கிடைத்த மறுநாள் மறுபடி மேலாளரிடம் போனேன். எனக்காக நீ சொன்ன பொய்யைச் சுமந்துகொண்டு அந்த அறையில் உட்கார முடியவில்லை. நானே அனுப்பச் சொன்னேன், அதோடு வேறொரு பெயரையும் நானே கொடுத்தேன், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்படி என்னம்மா பேரு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப்பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு என்னை ஆறு மாதத்துக்குப் பேக்கிங்குக்கு மாற்றி உத்தரவு எழுதினார். என் நாற்காலியில் இப்போது காயில் சுற்றும் பெண் உட்கார்ந்து கேட்கிறாள். மூன்று பெட்டிக்கு ஒன்றில் உறுமல் இருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. சொல்லலாம்தான். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாலு நாள் ஓட்டிவிட்டேன். நேற்றுதான் சொன்னேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. இப்படித்தான் இருக்கிறேன் நான், தெரிந்துகொள்.

பித்தளைப் பலகையெல்லாம் உருக்கப் போய்விட்டது. பெயரே வேண்டாம், நம்பர் போதும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

நீ காலியாக விட்ட கோட்டைப் பற்றி எழுதிய கடிதத்தை நான் எப்படிப் படித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வாசலிலேயே நின்று படித்தேன். கோபம் வர வேண்டும் அல்லவா? வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். 'எனக்குப் பொறுக்கவில்லை' என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். கோப்பை துடைக்கத் துணி நனைத்த நாளில் இருந்து நான் உன்னையே பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். நீயும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நாற்பத்தாறு வயதில் தெரிகிறது. உள்ளே வந்து கண்ணாடியில் பார்த்தேன், முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உன் வீட்டுக்காரி நினைவு வந்தது. அப்புறம் சிரிப்பு இல்லை.

நடுவில் தன் பெயர் எதற்கு என்று அவள் கேட்டதற்கு நானே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுதி ஆறுகிற விஷயம் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கதவை அவள் திறக்கட்டும், மூஞ்சியில் அடித்துச் சாத்தினாலும் சரி, படியிலேயே உட்கார்ந்திருப்பேன். நீ குட்டியைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் வா.

உன்னோடு எனக்கு இப்போதைக்குப் பேச ஒன்றுமில்லை.

அக்கா